இலையில் விளைந்த தடுப்பூசி

ஆஸ்திரேலியாவின் வறண்ட வடபகுதியில் தானாக முளைக்கும் சிறு செடி நிகோட்டியானா பெந்தாமியானா. புகையிலைக்கு நெருங்கிய உறவு. உலகெங்கும் ஆய்வகங்களில் வளரும் இதன் வகையில், வைரஸ்களை எதிர்க்க உதவும் ஒரு மரபணு பழுதாகிக் கிடக்கிறது. அந்தக் குறைதான் ஆய்வாளர்களை இழுத்தது. வெளியிலிருந்து வரும் மரபணுவை இச்செடி அதிகம் எதிர்க்காமல் ஏற்று, அதற்குரிய புரதத்தைச் செய்து தந்துவிடுகிறது.

கனடா 2022 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்த கோவிஃபென்ஸ் என்ற கோவிட் தடுப்பூசி உருவானது இதன் இலையில்தான். செடியில் தயாரித்து, மனிதருக்குப் போட ஒப்புதல் பெற்ற முதல் தடுப்பூசி அது. செய்தது கியூபெக் நகரின் மெடிகாகோ நிறுவனம்.

செய்முறை அழகானது. அக்ரோபாக்டீரியம் என்ற மண்வாழ் பாக்டீரியா தன் மரபணுத் துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திக் கழலை உண்டாக்கும். கழலைக்கான மரபணுக்களை எடுத்துவிட்டு, அங்கே கொரோனா வைரஸின் முள்புரத மரபணுவை வைத்தார்கள். அந்த பாக்டீரியா கலந்த நீரில் செடிகளைத் தலைகீழாக அமிழ்த்தி, தொட்டியின் காற்றை உறிஞ்சினால் இலைக்குள் இருக்கும் காற்றும் வெளியேறும். மீண்டும் காற்றை விட்டதும் அந்த இடத்தில் நீர் பாய்ந்து நிறையும். பிறகு சில நாட்கள் பசுமைக்குடில் வாசம், அப்புறம் அறுவடை. கோழிமுட்டையில் வைரஸை வளர்க்கும் பழைய முறைக்கு மாதக்கணக்கில் ஆகும். இங்கே வாரங்கள் போதும். புகுத்திய மரபணு விதைக்குப் போவதில்லை என்பதும் எனக்குப் பெரிய நிம்மதி.

இலையின் செல் சவ்விலேயே முள்புரதங்கள் கூடி, வைரஸைப் போன்ற துகள்களாக வெளியே மொட்டுவிடுகின்றன. உள்ளே வைரஸின் மரபணு கிடையாது; ஆகவே அவை பெருகவும் முடியாது. 24,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனையில், அறிகுறியுள்ள கோவிட்டை ஏறத்தாழ 70 விழுக்காடு தடுத்தது. சாதாரணக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்கலாம்.

இத்தனை இருந்தும் அது மக்களைச் சென்றடையவில்லை. மெடிகாகோவின் பங்குதாரர்களில் ஒன்றாக பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் இருந்தது. புகையிலைத் தொழிலோடு ஒட்டாத உலக சுகாதார அமைப்பு தடுப்பூசிக்கு அங்கீகாரம் தரவில்லை. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் தவறு பணத்தின் மூலத்தில்தானே தவிர, செடியில் இல்லை. 2023 பிப்ரவரியில் ஜப்பானிய உரிமையாளரான மிட்சுபிஷி, மெடிகாகோவையே மூடுவதாக அறிவித்தது.

இப்போது என் நம்பிக்கை தாய்லாந்தின் மீது. பாங்காக்கின் சுலலாங்கோன் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த பையா நிறுவனம், இதே செடியில் கோவிட் தடுப்பூசி தயாரித்து 2021இல் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. அங்கே பின்னணியில் சிகரெட் இல்லை, பசுமைக்குடில்தான் உண்டு.