அகரவரிசையும் கணினியும்

எஹலியகொடவுக்கு அயலிலுள்ள இறப்பர்த் தோட்டப் பிள்ளைகள் பயிலும் ஒரு பாடசாலை. புதுவகுப்பின் பெயர்ப்பட்டியலைக் கணினியில் ஆக்கிச் சுவரில் ஒட்டியவன் யானே. ஒரு சிறுமி மகர வரிசையின் கடைசியிலே விரலோட்டித் தேடினாள். "ஐயா, என் பேர் இல்லை" என்று கண்கலங்கினாள். பெயர் இருந்தது, இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மணிமாலா, மயிலம்மா, மல்லிகா, மனோகரி என்பதே தமிழ் முறை. கணினியோ மணிமாலாவுக்கு அடுத்தே மனோகரியை நிறுத்திவிட்டது.

காரணம் யாது? தமிழ் எழுத்து முப்பதும் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என முதற் சூத்திரத்திலேயே வகுத்தார் தொல்காப்பியர். 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையோ, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த வரிசையைத் தழுவி எழுத்துகளுக்கு எண் வழங்கிற்று. அதனால் னகரம் தந்நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் அமர்ந்தன. ளகரம் ழகரத்தை முந்திற்று. எண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் மென்பொருள் நம் நெடுங்கணக்கை அறியாது. புள்ளியெழுத்திலும் இடர் உண்டு. அகராதியில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருதலால் அம்பிகாவுக்குப் பின்னரே அமுதா வருவாள். எண்வரிசையில் அமுதா முந்திவிடுவாள்.

அகரத்தை ஆதியாக உடையது அகராதி. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டைச் செய்தார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தந்தார். அவர்கள் கையால் அடுக்கிய வரிசையைக் கணினியிடமும் கேட்டுப் பெறலாம். வரிசைப்படுத்தும் கட்டளையிலே மொழி தமிழ் எனத் தெரிவுசெய்க. தமிழ் முறை அறிந்த மென்பொருள் அதனைப் பின்பற்றும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தனி நிரலில் இட்டு, பிள்ளையின் பெயர் நிரலைக்கொண்டு அடுக்குக. அன்றேல் பிள்ளை தந்தையின் எழுத்துக்குள் மறைந்துவிடும். அச்சிடுமுன் ஒருமுறை கண்ணால் வாசித்தலும் வேண்டும்.

இது சிறுகாரியம் அன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக, வாக்காளர் இடாப்பிலே பெயரிழந்த மக்களின் வழித்தோன்றல்கள் இப்பிள்ளைகள். 'பேர் இல்லை' என்னுஞ் சொல் தோட்டத்துக்குப் பழம்புண். அச்சிறுமியிடத்துப் பிழை யாதும் இல்லை. நாம் கற்பித்த நெடுங்கணக்கை நம்பியே அவள் தேடினாள். அன்று மாலையே பட்டியலைத் திருத்தி ஒட்டினேன். மறுநாள் மகர வரிசையின் கடைசியிலே அவள் பெயர் விரலுக்கு அகப்பட்டது.