சாயம் நூலைப் பற்றுவது எங்ஙனம்?

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் இருப்பைச் சரிபார்த்தபோது, விற்பனை நிலையத்திலிருந்து திரும்பி வந்த சேலைக் கட்டு ஒன்றைக் காண நேர்ந்தது. முதற் சலவையிலேயே கரையின் சிவப்பு, வெள்ளை உடலில் இறங்கியிருந்தது. சாயம் மட்டமானது என்றனர் சிலர். நஷ்டத்தைச் சாயக்காரரின் கூலியில் பிடித்தம் செய்யவேண்டும் என்றனர் வேறு சிலர். ஆனால் அதே டப்பாவிலிருந்து எடுத்த சாயத்தில் முன்னர்த் தோய்த்த நூல் சிறிதும் வெளுக்கவில்லை. அவ்வாறாயின் குற்றம் எங்கே? இதனை அறியப் பொருள்களின் அமைப்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும்.

அணுக்களும் பிணைப்பும்

நூல், நீர், உப்பு, சாயம் ஆகிய யாவும் அணுக்களால் ஆனவை. சிறிய அணுக்களை வரிசையாக அடுக்கினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் ஏறத்தாழ 1 கோடி அணுக்கள் அடங்கும். அணுவின் நடுவே கருவும், அதனைச் சூழ்ந்து எலெக்ட்ரான்களும் உள்ளன. அணுக்கள் ஒன்றோடொன்று பிணைவது இந்த எலெக்ட்ரான்களாலேயாம்.

பிணைப்பு பலவகைப்படும். உப்பில், சோடியம் அணு தன் எலெக்ட்ரான் ஒன்றைக் குளோரின் அணுவுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் இரண்டும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று ஈர்த்து நிற்கின்றன. நீரிலோ, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது நமது சங்கத்தின் பங்கு மூலதனத்தைப் போன்றது. இட்டவர் அனைவருக்கும் பொதுவானது. இப்பங்குப் பிணைப்பு மிக உறுதியானது. இவையன்றி, மூலக்கூறுகளுக்கிடையே மெல்லிய கவர்ச்சியும் உண்டு. அது எளிதில் விட்டுப்போகும்.

சாயத்தொட்டியில் நிகழ்வது

பருத்தி நூல், கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களாலான செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகளைக் கொண்டது. நேர்ச்சாயங்கள் இச்சங்கிலிகளை மெல்லிய கவர்ச்சியால் மட்டுமே பற்றுகின்றன. ஆகவே அவை சலவையில் இறங்கும். 1956-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்களோ, செல்லுலோஸுடன் பங்குப் பிணைப்பே கொள்கின்றன. கெட்டிச் சாயம் என்பதன் இரகசியம் இதுவே.

உப்பிட்டால் சாயம் பிடிக்கும் என்பது நம்மிடையே உள்ள எண்ணம். அது பாதியே உண்மை. நீரில் நூலும் சாயமும் ஒரேவித மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கும். உப்பு அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலிடம் சேர்க்கிறது. சேர்த்ததைப் பிணைக்கச் செய்வது சோடா ஆஷ். எனினும், சோடா சேர்ந்தபின் சாயம் நீரோடும் கூடத் தொடங்கும். நீரோடு கூடிய சாயம் பின்னர் நூலோடு பிணையாது; நூலில் ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும்.

மேற்சொன்ன சங்கத்தில் நிகழ்ந்தது இதுவே. பண்டிகைக் கால அவசரத்தில் சாயமும் சோடாவும் ஒருங்கே இடப்பட்டன. விறகு மிச்சம் கருதிச் சோப்பு நீரில் காய்ச்சுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. அதனை நிறுத்தச் சொன்னது நிர்வாகமே. இது விளங்கியபின் சாயக்காரரிடம் பிடித்தம் செய்யும் யோசனை கைவிடப்பட்டது.

ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலில் சாயம், அடுத்து உப்பு, நூல் சாயத்தை ஈர்த்தபின்னரே சோடா. சோடா கலந்த சாயநீரை மறுநாளுக்கு வைத்திருத்தல் பயனற்றது. தோய்த்த சிட்டங்களைக் குளிர்ந்த நீரில் நன்கு அலசி, பின்னர்க் கொதிநிலையை ஒட்டிய சோப்பு நீரில் காய்ச்சி, நீர் தெளியும் வரை மீண்டும் அலசவேண்டும். நூலைத் தறிக்கு அனுப்புமுன் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தல் அவசியம்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இதில் பாடமுண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன் இருந்தும், அதன் இரண்டு அணுக்களும் மும்மடங்கு பிணைப்பில் கட்டுண்டிருப்பதால் பயிர் அதனை நேரே உண்ண இயலாது. கொளிஞ்சி, சணப்பை, அவுரி ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே அப்பிணைப்பை அவிழ்க்கின்றன. அவற்றை மடக்கி உழுவது இதன்பொருட்டே.

விறகில் மிச்சம் பிடித்த சில ரூபாய், ஒரு கட்டுச் சேலையையும் ஒரு தொழிலாளியின் நற்பெயரையும் விழுங்க இருந்தது. காரணம் அறிந்து தொழில் செய்வோமாயின், பழி பிறர்மேல் விழாது. நஷ்டம் நம்மேல் விழாது.