கடைசி ஓர் அங்குலம்

சேத்தூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "செயற்கைக்கோள் மேலே போன பிறகுதான் சோலார் பேனலை விரிக்கிறார்கள். பேனல் விரிந்தால்தானே மின்சாரம் வரும்? அப்படியானால் விரிக்கிற மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?"

பெரும்பாலான செயற்கைக்கோள்களில் அந்த வேலைக்கு மோட்டாரே கிடையாது. ஸ்பிரிங் வைத்த கீல்கள்தான் பேனலை விரிக்கின்றன. தரையில் பேனலை மடித்துக் கட்டும்போது ஸ்பிரிங்கை முறுக்கிய உழைப்பு அப்படியே அதற்குள் சேமிப்பாக இருக்கிறது. மேலே போனதும் கட்டை அவிழ்த்துவிட பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போதும்.

இதற்கு அருமையான உதாரணம், சூரியனை ஆராய நம் நாடு அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம். அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜியின் சொந்த ஊர் செங்கோட்டை. சேத்தூரிலிருந்து சிவகிரி, புளியங்குடி, தென்காசி என்று தெற்கே போகும் சாலையிலேயே வந்துவிடும். 2023 செப்டம்பர் 2 அன்று விண்கலம் கிளம்பியபோது, ஏதோ சூரியனையே தொடப் போவதுபோல் எழுதினார்கள். அது போய் நிற்கும் இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டரில். நூற்றில் ஒரு பங்கு தூரம்தான். அந்த ஆரவாரத்தில், 2024 ஜனவரி 11 அன்று நடந்த ஒரு வேலை பலர் கண்ணில் படாமலே போய்விட்டது. எனக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த நிகழ்ச்சி அதுதான்.

ஆதித்யாவில் காந்தப்புலத்தை அளக்கும் உணர்கருவிகளைத் தாங்க 6 மீட்டர் நீளத் தண்டு ஒன்று உண்டு. கார்பன் இழையால் ஆன ஐந்து துண்டுகளை ஸ்பிரிங் கீல்களால் கோத்து, மடித்து, விண்கலத்தின் உடம்போடு இரண்டு இடங்களில் இறுக்கி வைத்திருந்தார்கள். 132 நாள் அப்படியே கிடந்தது. பிறகு தரையிலிருந்து கட்டளை போனது, கட்டு விடுபட்டது. 8 முதல் 12 வினாடிக்குள் விரியும் என்று கணித்திருந்தார்கள். சுமார் 9 வினாடியில் விரிந்து, எல்லாக் கீல்களும் பூட்டிக்கொண்டன.

இதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். வீட்டு வாசலில் ஸ்பிரிங் வைத்த கொசுவலைக் கதவைக் கவனித்துப் பாருங்கள். முழுக்கத் திறந்துவிட்டால் ஸ்பிரிங் ஆவேசமாக இழுக்கும். கதவு மூட மூட இழுவை குறைந்துகொண்டே வரும். கடைசி ஓர் அங்குலத்தில், கொண்டி விழ வேண்டிய நேரத்தில், ஸ்பிரிங்கில் வலு இருக்காது. கதவு சட்டத்துக்கு அருகே வந்து நின்றுவிடும். கொசுவுக்கு அது போதும். பலமான ஸ்பிரிங் போட்டால் கொண்டி விழும், ஆனால் நிலையே அதிரும்படி அறையும். விண்வெளிக் கீலின் மொத்தச் சிக்கலும் இந்தக் கதவில் இருக்கிறது. வலு தேவைப்படுவது முடிவில்; ஸ்பிரிங் வலுவோடு இருப்பதோ தொடக்கத்தில்.

ராஜபாளையத்தில் எந்த கிரில் பட்டறையில் கேட்டாலும் இதற்கு வழி சொல்வார்கள்: ஸ்பிரிங்கை மாட்டும்போதே இன்னும் ஒரு சுற்று முறுக்கி மாட்டு. விண்வெளிப் பொறியாளரும் அதையேதான் செய்கிறார். கணக்கைப் பாருங்கள். கீல் 180 பாகை திறக்க வேண்டும். வெறும் 180 பாகை முறுக்கிய ஸ்பிரிங், திறந்து முடிக்கும்போது பூஜ்யத்துக்கு வந்துவிடும். கூடுதலாக ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை முறுக்கி வைத்தால்? தொடக்கத்தில் 540 பாகைக்கான முறுக்கு, முடிவில் 360 பாகைக்கான முறுக்கு. மூன்றில் ஒரு பங்கு மட்டுமே குறைகிறது. நிறையச் சுருள் வைத்த மெத்தென்ற ஸ்பிரிங்கை எடுத்து நிறைய முறுக்கிவிட்டால், வழி நெடுக ஏறக்குறைய ஒரே சீரான தள்ளு கிடைக்கும். ஆரம்பத்தில் பாய்ச்சலும் இருக்காது, கடைசியில் சோர்வும் இருக்காது.

கொசுவலைக் கதவை இன்னும் கொஞ்சம் கற்பனை செய்வோம். ஐந்து கதவுகளை ஒன்றின் விளிம்பில் ஒன்றாகக் கோத்திருக்கிறீர்கள். எண்ணெய் விட முடியாது. வெற்றிடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகிப் பறந்துவிடும் என்பதால் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர் பூச்சுதான் பூச வேண்டும். ஒவ்வொரு கீலின் குறுக்கேயும் மின்கம்பிக் கட்டு ஒன்று வளைந்து போகிறது. குளிரில் அதன் உறை விறைத்து, வளைய மறுக்கும். பல நேரங்களில் கீலின் உராய்வைவிட இந்தக் கம்பிகளின் முரண்டுதான் பெரிய எதிரி. இவ்வளவையும் கூட்டி, மிக மோசமான நிலையில் எவ்வளவு தடை வரும் என்று கணக்கிட்டு, அதைப்போல் குறைந்தது இரு மடங்கு முறுக்கு விசை ஸ்பிரிங்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். கதவு சிக்கிக்கொண்டால் போய்த் தட்டிவிட அங்கே ஆள் இல்லை.

மிஞ்சிய விசை சும்மா போகாது. அது வேகமாக மாறி, பூட்டும் கணத்தில் அடியாக விழும். அதனால் பூட்டையும் யோசித்துச் செய்திருக்கிறார்கள். கீல் திரும்பும்போது சிறு ஊசி ஒன்று வளைந்த விளிம்பின்மேல் ஊர்ந்து வந்து, முடிவில் ஆப்பு வடிவப் பள்ளத்தில் விழுகிறது. நேர்ப்பள்ளமாக இருந்தால் ஊசி நுழைவதற்கே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி அளவுக்குக் கீல் ஆடும். ஆப்புப் பள்ளத்தில் ஊசி தன் சொந்தச் சிறு ஸ்பிரிங்கின் தள்ளலில் இருபக்கமும் முட்டும்வரை இறங்கிவிடுகிறது. ஆட்டம் மிச்சமில்லை. நாளாக ஆக உலோகம் லேசாகத் தேய்ந்தாலும் ஊசி இன்னும் ஒரு மயிரிழை இறங்குமே தவிர, கோணம் மாறாது. எளிமையான இந்த வடிவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும்.

சோலார் பேனல்களில் இன்னொரு வேலையும் சேர்கிறது. விண்கலத்தை ஒட்டிய முதல் கீல் 90 பாகைதான் திரும்ப வேண்டும். பேனலுக்கும் பேனலுக்கும் இடையிலான கீல்கள் 180 பாகை. தங்கள் இஷ்டத்துக்கு விரிந்தால் ஒன்றோடொன்று மோதும். அதனால் கீல்களில் கப்பி வைத்து, அவற்றைக் கம்பிவடத்தால் பிணைக்கிறார்கள். முதல் கப்பியின் விட்டம் அடுத்ததைப்போல் இரு மடங்கு. முதலாவது ஒரு பாகை திரும்பினால் அடுத்தது சரியாக இரண்டு பாகை திரும்பும். இதற்குக் கணினி எதுவும் தேவையில்லை.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1973 மே மாதம் ஏவிய அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்தில் ஒரு சோலார் பேனல் பிய்ந்துபோனது. இன்னொன்றை ஓர் அலுமினியப் பட்டை சிக்க வைத்தது. ஜூன் 7 அன்று இரண்டு வீரர்கள் வெளியே போய்ப் பட்டையை வெட்டி, உறைந்துபோயிருந்த கீலைக் கயிறு கட்டி இழுத்தார்கள். 1983 ஆகஸ்டில் போன நம் இன்சாட்-1பி-யின் பேனலும் முழுதாக விரிய மறுத்து, செப்டம்பர் நடுவில்தான் வழிக்கு வந்தது.

தரையில் சோதிப்பதும் லேசல்ல. புவியீர்ப்பு பேனலைக் கீழே இழுக்கும் என்பதால் மேலே தண்டவாளம் அமைத்து, எடையைத் தாங்கும்படி தொங்கவிட்டு விரிக்க வேண்டும். தொங்கவிட்ட ஏற்பாட்டின் உராய்வு வேறு, காற்றின் தடை வேறு. இரண்டையும் கணக்கில் கழிக்க வேண்டும். "சோதனை வெற்றி" என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்த நிலையில் சோதித்தார்கள் என்றும் சேர்த்துக் கேட்பது நல்லது.

ஆதித்யாவின் தண்டுக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு? அடிக் கீலில் 0.1 பாகை பிசகினால் 6 மீட்டர் தள்ளியிருக்கும் நுனி சுமார் ஒரு சென்டிமீட்டர் விலகும். இடம் மாறுவதைவிட, கருவி பார்க்கும் திசை மாறுவதுதான் கவலை. சூரியனிலிருந்து வரும் காந்தப்புலம் அங்கே சாதாரணமாகச் சில நானோடெஸ்லாதான். தென் தமிழகத்தில் பூமியின் புலம் 40,000 நானோடெஸ்லா அளவில் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய ஒன்றை அளக்கும்போது விண்கலத்தின் சொந்த மின்சுற்றுகள் உண்டாக்கும் புலமே பெரிய தொல்லை. அதற்காகத்தான் 3 மீட்டரில் ஒரு கருவி, 6 மீட்டரில் ஒரு கருவி. தூரம் இரட்டித்தால் விண்கலத்தின் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். சூரியனிலிருந்து வருவது இரண்டு இடத்திலும் ஒன்றே. எனவே இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம், 3 மீட்டரில் விண்கலம் கலந்த கலப்படத்தில் எட்டில் ஏழு பங்கு. அதிலிருந்து முழுக் கலப்படத்தையும் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். இரண்டு கருவிகளும் எந்தெந்தத் திசையைப் பார்க்கின்றன என்பது சரியாகத் தெரிந்திருந்தால்தான் இந்தக் கழித்தல் பலிக்கும்.