கணினியில் உள்ளதைக் காத்துக்கொள்வோம்

திருமணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திர நகல்கள் ஆகியவற்றை இன்று பல குடும்பங்கள் கணினியில் சேமித்து வைக்கின்றன. அவை ஒரே நாளில் அழியவும் கூடும். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் அகப்பட்டன.

ஆகவே, கணினி 'அப்டேட்' கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள். மாதம் ஒருமுறை முக்கியக் கோப்புகளைத் தனியான ஹார்டு டிஸ்க் ஒன்றில் படியெடுங்கள். ஒன்றிரண்டைத் திறந்து சரிபாருங்கள். பின்னர் அதனைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இணைத்தே வைத்திருந்தால் அதுவும் பூட்டப்பட்டுவிடும். பெற்றோர் இப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பார்களாக.