பாம்பன்: 21 தீவுகளின் வாசல்

ராமேசுவரம் போகிறவர்கள் பலர் பாம்பனில் இறங்குவதே இல்லை. பாலத்தைப் பார்த்து விட்டுப் போய் விடுகிறார்கள். ஒரு நாள் தங்கினால்தான் இந்த மீனவர் ஊரின் அருமை தெரியும்!

இரண்டு கடல்

வடக்கே பாக் நீரிணை. பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதனால் அதைப் "பெண் கடல்" என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா. அலை வீசும் அந்தக் கடல் "ஆண் கடல்".

1914-ல் திறந்த பழைய ரெயில் பாலம், கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டாகப் பிரிந்து எழும்பியது. 2025-ல் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி, "லிப்டு" போல நேராக மேலே போகிறது.

தெற்குக் கரையில் குந்துகால். அமெரிக்கா சென்று திரும்பிய விவேகானந்தர் 1897-ல் இங்கேதான் கரை இறங்கினார். எதிரே தெரிவது குருசடைத் தீவு.

மூழ்கிய தீவுகள்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளை, 1986-ல் அரசு கடல் தேசியப் பூங்கா ஆக்கியது. குருசடை அவற்றில் ஒன்று.

தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள். பாறை என்று பெயர். கட்டியவை சின்னஞ்சிறு உயிர்கள்! கடல் புல் மேயும் ஆவுளியா என்ற கடல் பசுவும் இந்தக் கடலில் உண்டு.

முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டினார்கள். அலையைத் தடுக்கும் அரண் போயிற்று. கரை கரைந்தது. இரண்டு தீவுகள் கடலுக்குள் போய் விட்டன!

பாசிப் பெண்கள்

பூங்காவால் திகைத்தவர்கள், தீவோரம் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்குவார்கள். இந்தப் பாசியில் இருந்துதான் அகர் அகர் கிடைக்கிறது.

தடை என்றால் அடுப்பு எரிவது எப்படி?

அவர்களே ஒரு கட்டுப்பாடு வகுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. மீன் இனம் பெருகும் காலத்தில் சில வாரம் எடுப்பதே இல்லை. வெட்டிய பாசி மீண்டும் வளர வேண்டும் அல்லவா?

போகிறவர்கள் கவனிக்க

வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. பவளத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். அது குற்றம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருகத்தான் இந்தத் தடை.

கடலை நம்பிப் பிழைப்பவர்களே கடலுக்கு ஓய்வு தருகிறார்கள். பார்க்கப் போகிறவர்கள், ஒரு கல்லைக்கூட எடுக்காமல் திரும்பலாமே!