வெள்ளியில் மறைந்திருக்கும் அச்சுத் தடங்கள்

ஸ்பெயின் நாட்டில் புதிய மன்னர் பட்டத்துக்கு வந்தால், அமெரிக்கக் கண்டத்தில் அவர் ஆட்சிக்குட்பட்ட நகரங்களில் வெள்ளிப் பதக்கங்கள் வெளியிடுவது வழக்கம். 1778இல் மெக்சிகோ நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநராகச் சென்ற ஹெரோனிமோ அன்டோனியோ ஹில் செய்த பதக்கங்கள் புகழ்பெற்றவை. அப்பதக்கங்கள் நம் நாட்டில் காண்பதற்கு அரியன. ஆயினும், அதே சாலையில் அடிக்கப்பெற்ற எட்டு ரியால் நாணயங்கள் வணிகத்தின் வழியே சென்னை வரை வந்து சேர்ந்தன.

பதக்கம் செய்யும் முறைகள் இரண்டு. ஒன்று வார்ப்பு, அச்சுப்பொறி இல்லாத ஊர்களில் இது கையாளப்பட்டது. வார்த்த பதக்கத்தில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் தென்படும். மற்றது அடிப்பு. எஃகுக் கட்டையில் உருவத்தைத் தலைகீழாகவும் குழிவாகவும் செதுக்கி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து அதனை உறுதியாக்குவர். வெள்ளித் தகட்டிலிருந்து வெட்டிய வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்துத் திருகுப்பொறியால் அழுத்துவர். பெரிய பதக்கமாயின், இடையிடையே வில்லையைக் காய்ச்சி இளக்கிப் பலமுறை அடித்தல் வேண்டும்.

1807–08இல் சென்னை நாணயச் சாலை அரை வராகன் எனும் வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. ஒருபுறம் கோபுரம், மறுபுறம் தெய்வ உருவம், தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு. இவற்றுட் பல, ஸ்பானிய ரியால்களின் மேலேயே மறு அச்சு அடிக்கப்பட்டவை. அழுத்தம் குறைந்த இடங்களில் பழைய அச்சு முற்றும் அழிவதில்லை. ஆதலின், கோபுரத்தின் அருகே ஸ்பானிய எழுத்தோ மன்னர் முகத்தின் கோடோ சிலவற்றில் இன்றும் தெரிகின்றது. மெக்சிகோவும் சென்னையும் ஒரே வில்லையில் சந்திக்கும் சான்று இதுவே.

கஞ்சிக்கோடு அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாய், கொங்கு நாட்டையும் மலபாரையும் இணைத்த பழைய வணிக வழியாகும். திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் உரோமானிய வெள்ளிக் காசுகளும் இந்திய முத்திரைக் காசுகளும் ஒருங்கே கிடைத்துள்ளன. எனவே, இப்பகுதியில் கடைக்கால் தோண்டும்போதோ உழும்போதோ பழைய வெள்ளி தென்படின் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய சோதனையொன்றைச் செய்து காட்டலாம். சுமார் 27 கிராம் எடையுள்ள ரியாலை நூலிற் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால், எடை ஏறத்தாழ 2.6 கிராம் குறையும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் வில்லையாயின், குறைவு 3 கிராமுக்கு மேற்படும். இச்சோதனை உலோகத்தை ஓரளவு காட்டுமேயன்றி, காசின் பழமையைக் காட்டாது.

பழமையைக் காட்டுவது அச்சுத் தடமே. புளியோ சாம்பலோ இட்டுத் தேய்த்தால் அத்தடம் தேய்ந்துவிடும். உருக்கினால் எஞ்சுவது வெள்ளியின் விலை மட்டுமே. கண்டெடுத்ததைத் துலக்காமல் காகிதத்தில் பொதிந்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், கேரளத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு வழிசெய்கின்றன.