சுறுசுறுப்பான நாய் வாங்குமுன்

வீட்டுக்கு முதன்முதலாக ஒரு நாய் வாங்க நினைக்கும்போது, "எது அழகு? எது திருடனை மிரட்டும்?" என்றுதான் நம்மில் பலர் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இனத்தை எந்த வேலைக்காக உருவாக்கினார்கள்?

நாம் அல்சேஷன் என்று சொல்லும் நாய், ஜெர்மனியில் ஆட்டு மந்தை காத்த நாய். ஸ்டெஃபானிட்ஸ் என்ற இராணுவ அதிகாரி 1899-இல் அதைத் தனி இனமாகப் பதிவு செய்தார். தமிழ்நாட்டு இராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கு உரியது; சிப்பிப்பாறை முயலை விரட்டிப் பிடிப்பது. ஓடுவதற்கென்றே பொறுக்கியெடுத்த உடம்புகள் இவை. இப்படிப்பட்ட நாயைப் பின்கட்டில் சங்கிலியில் கட்டிவிட்டு, விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பிற்பகலில் திரும்பினால் என்ன ஆகும்? தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். குழி தோண்டும், ஓயாமல் குரைக்கும், செருப்பைக் குதறும். அதற்காக அடிக்கிறவர்கள் உண்டு. அடித்தால் பயம்தான் வளரும். பயந்த நாய் கடிக்கவும் செய்யும்.

"அவிழ்த்து விட்டால் போயிற்று" என்று நினைக்க வேண்டாம். ரவாங், கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் எலி மருந்து வைப்பது வழக்கம். அவற்றில் சில, இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். பிறகு ஈறு வெளுத்துச் சோர்ந்து விழும். தின்றதாகச் சந்தேகம் வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைக்க வழியுண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல் வேறு இருக்கிறது. அது நாயோடு நிற்காது, நம்மையும் பிடிக்கும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு.

முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு, இரண்டு வயது கடந்த சாதுவான நாட்டு நாயே ஏற்றது என்பது எங்கள் கருத்து. அதன் குணம் அதற்குள் வெளியில் தெரிந்துவிடும். நம் ஊர் வெயிலும் அதற்குப் பழக்கம்.

ஓட்டக்கார இனம்தான் வேண்டுமா? காலையிலும் மாலையிலும் வெயில் இல்லாத நேரத்தில் வாரில் பிடித்து நடத்திப்போக ஆள் யார் என்று வீட்டில் முதலில் பேசிக்கொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வெள்ளை இராஜபாளையம் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கும். வாங்குமுன் அது காணாதபடி பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். ரவாங் வட்டாரத்தில் நாய் லைசென்ஸ் தருவது செலாயாங் நகராண்மைக் கழகம். அல்சேஷன் போன்ற சில இனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பணம் கொடுக்குமுன் அங்கே கேட்டுவிடுங்கள்.